பிரான்ஸ் கால்வாய்களில் ஒரு படகுப் பருவம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரான்ஸின் கால்வாய்களில் படகு ஓட்டப் போகிறவர் வரைபடத்தை விரித்ததும் கிலோமீட்டரைத்தான் எண்ணுவார். லாக்கை எண்ணுங்கள். தண்ணீர் மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்குகிற, இரு பக்கமும் கதவு போட்ட தொட்டிதான் லாக். பிரெஞ்சுப் பலகைகளில் 'எக்ளூஸ்' என்று இருக்கும். ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம், இரவு எங்கே தங்கலாம், மாலையில் தோள் எவ்வளவு வலிக்கும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். இந்தக் கட்டுரையில் நான் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

ஆறுகளும் கால்வாய்களுமாகச் சுமார் 6,700 கி.மீ. நீர்வழியை வுவா நவிகாப்ல் த ஃப்ரான்ஸ், சுருக்கமாக வி.என்.எஃப்., என்ற அரசு அமைப்பு கவனித்துக்கொள்கிறது. சரக்குப் படகுகளுக்காக வெட்டிய வழிகள் இவை. இன்று பெரிய ஆறுகளில் சரக்கு ஓடுகிறது. சின்னக் கால்வாய்களில் பெரும்பாலும் உல்லாசப் படகுகள்தான்.

முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு வாரம்

நேராகப் படகு வாங்கிவிடாதீர்கள். பாரிஸில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. நம் கடைகள் வரிசையாக இருக்கும் லா ஷபெலிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் வில்லெத் நீர்த்தேக்கம். அங்கே உரிமம் தேவையில்லாத சின்ன மின்சாரப் படகுகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். படகுக்கு பிரேக் கிடையாது, திருப்பினால் பின்பக்கம்தான் முதலில் வெளியே போகும் என்ற இரண்டையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஒரு வார வாடகை. ல போட், லொக்காபோட், நிக்கோல்ஸ் போன்ற நிறுவனங்கள் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள படகுகளைத் தருகின்றன. இதற்கு உரிமம் வேண்டாம். புறப்படும் இடத்தில் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லுகிற 'கார்த் த ப்ளேசான்ஸ்' என்ற தற்காலிக அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பாடத்தைக் கவனமாகக் கேளுங்கள். தயக்கம் வேண்டாம், பின்னோக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கயிற்றை நீங்களே ஒரு முறை கட்டிப் பாருங்கள். சனிக்கிழமை மதியம் வரிசையாக ஆட்கள் காத்திருக்கும்போது அவசரப்படுத்துவார்கள். அதற்காக நகர்ந்துவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது? எல்லோரும் சொல்லுவது கனால் து மிதி. பியேர்-போல் ரிக்கே 1666-ல் தொடங்கிய கால்வாய். 1681-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். துலூஸிலிருந்து தோ ஏரி வரை 240 கி.மீ. 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதன் லாக்குகள் வயிறு புடைத்த முட்டை வடிவம். பக்கவாட்டுச் சுவர் மண்ணின் அழுத்தத்தைத் தாங்க ரிக்கே அப்படிக் கட்டினார். சுவர் வளைந்து போவதால் படகை ஒட்டி நிறுத்துவது புதியவருக்குச் சிரமம். ஜூலை, ஆகஸ்டில் வாடகைப் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். பெசியே அருகே ஃபோன்செரான் என்ற இடத்தில் லாக்குகள் படிக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி நேரம். நிழல் தரும் பிளேன் மரங்களும் 2006-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டு வருகின்றன. பழைய புகைப்படங்களில் பார்த்த பச்சைக் கூரை பல இடங்களில் இப்போது இல்லை. போவதானால் மே மாதமோ செப்டம்பரோ போங்கள்.

முதல் வாரத்துக்கு என் பரிந்துரை, பர்கண்டியில் சோன் ஆறும் அதில் வந்து சேரும் செய் என்ற சின்ன ஆறும். செய் ஆற்றில் லா த்ருஷேரிலிருந்து லுவான் ஊர் வரை 39 கி.மீ.; லாக் நான்கே நான்கு. சிலவற்றை நீங்களே கைப்பிடி சுற்றித் திறக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. வழி முடியும் லுவானில் திங்கட்கிழமை சந்தை. பிரெஸ் கோழிக்குப் பேர்போன வட்டாரம் அது; உயிர்க்கோழி வாங்க விவசாயிகள் கூடுவதைப் பார்க்கவே ஒரு நாள் கூடத் தங்கலாம்.

காகிதங்கள்

ஒரு வாரம் பிடித்துப்போய் சொந்தப் படகில் முழுப் பருவமும் சுற்றுவது என்று முடிவு செய்தால், வேலை குளிர்காலத்திலேயே தொடங்குகிறது.

பெரும்பாலோர் சறுக்குவது விசாவில்தான். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். அது 180 நாளில் 90 நாள் மட்டுமே. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் அதே 90 நாள் கணக்குதான். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தங்க நினைத்தால், பிரான்ஸின் நீண்டகால 'விசித்தர்' விசாவுக்கு நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்தே முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். படகுக்கும் தனிக் கணக்கு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகை வெளியில் வசிப்பவர் கொண்டுவந்தால், வாட் வரி கட்டாமல் 18 மாதம் வரை வைத்திருக்கலாம்.

சொந்தப் படகு ஓட்ட உரிமம் வேண்டும். பிரெஞ்சுப் பதிவுள்ள படகு என்றால் உள்நாட்டு நீர்வழிக்கான பிரெஞ்சு பெர்மி. வெளிநாட்டுப் பதிவு என்றால் பெரும்பாலும் ஐ.சி.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ். அதில் 'செவ்னி' என்ற ஐரோப்பிய நீர்வழி விதிகளுக்கான தேர்வு முத்திரையும் இருக்க வேண்டும். பிரிட்டனில் இதை ஆர்.ஒய்.ஏ. என்ற படகோட்டிகள் சங்கம் வழங்குகிறது. செவ்னி தேர்வு ஒன்றும் மலை இல்லை, பலகைகளையும் விளக்குகளையும் படித்துவிட்டால் போதும்.

அப்புறம் வி.என்.எஃப்.புக்குக் கட்டணம். 5 மீட்டருக்கு மேல் நீளமோ 9.9 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள சொந்தப் படகுக்கு 'வின்யெத்' வாங்க வேண்டும். படகின் அளவையும் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்பதையும் வைத்துத் தொகை மாறும், இணையத்திலேயே வாங்கலாம். வாடகைப் படகுக்கு நிறுவனமே கட்டிவிடும். காப்பீட்டுச் சான்று, பதிவுச் சான்று, வாட் கட்டிய ரசீது, விதிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, சுக்கானுக்குப் பக்கத்தில் வையுங்கள். சோதனைக்கு வருகிறவர்கள் கேட்பது இவற்றைத்தான்.

படகு பொருந்துமா?

1879-ல் அமைச்சர் சார்ல் த ஃப்ரேசினே கொண்டுவந்த சட்டம், நாட்டின் முக்கிய நீர்வழிகளின் லாக்குகளை 39 மீ. நீளம், 5.2 மீ. அகலம் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்தது. 38.5 மீட்டர் 'பெனிஷ்' சரக்குப் படகு அதற்காகவே பிறந்த வடிவம். உங்கள் 11, 12 மீட்டர் படகுக்கு நீளமும் அகலமும் கவலையே இல்லை. பார்க்க வேண்டியவை இரண்டுதான்: தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது. ஃப்ரேசினே அளவுக் கால்வாயில் படகு இறங்கக்கூடிய ஆழம் 1.8 மீ., பாலத்தின் உயரம் சுமார் 3.5 மீ. என்று இருந்தாலும், ஓரத்தில் மண் சேர்ந்திருக்கும். கோடையில் மட்டம் இறங்கும். என் கணக்கில் ஒரு மீட்டருக்குள் ஆழம் எடுக்கும் படகுதான் நிம்மதி. தெற்கே மிதியிலும் சில பழைய கால்வாய்களிலும் பாலங்கள் வளைவாக இருப்பதால், நடுவில் நுழைகிற படகின் கூரை மூலை ஓரத்தில் இடிக்கும். மேல்தளக் குடை, சைக்கிள், கொடிக்கம்பு எல்லாவற்றையும் சேர்த்து அளந்து, அந்த எண்ணைச் சுக்கானுக்கு முன்னால் ஒட்டி வையுங்கள்.

நாட்காட்டி

சின்னக் கால்வாய்கள் பெரும்பாலும் மார்ச் கடைசி வாக்கில் திறந்து நவம்பர் தொடக்கம் வரை ஓடும். குளிர்காலத்தில் 'ஷோமாஜ்' என்று தண்ணீரை இறக்கிக் கதவுகளைப் பழுது பார்ப்பார்கள். எந்தப் பகுதி எப்போது மூடப்படும் என்ற பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். பருவம் நடக்கும்போது வரும் திடீர் அறிவிப்புகளுக்கு 'அவி அ லா பத்தல்ரி' என்று பெயர். வி.என்.எஃப். தளத்தில் உங்கள் வழியைத் தேர்ந்து மின்னஞ்சலுக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள். தினமும் காலையில் காப்பியோடு பார்க்க வேண்டிய ஒரே செய்தி அது.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. பருவத்தின் நடுவில் பொதுவாகக் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 7 வரை. பல இடங்களில் 12 முதல் 1 வரை சாப்பாட்டு இடைவேளை. 11.50-க்கு லாக்குக்கு முன்னால் போய் நின்று கெஞ்சுவதில் பயனில்லை. நீங்களும் அடுப்பைப் பற்றவையுங்கள். மே 1 அன்று லாக்குகள் மூடியிருக்கும். வேறு சில விடுமுறைகளில் வழிக்கு வழி மாறும்.

இன்னொன்று வறட்சி. மேட்டைத் தாண்டிப் போகும் கால்வாயின் உச்சிப் பகுதிக்குத் தண்ணீர் தருவது மலையடிவார ஏரிகள். ஒரு ஃப்ரேசினே லாக்கை ஒரு முறை நிரப்பி இறக்கினால் சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடுகிறது. 2022 கோடையில் மழை பொய்த்தபோது பல கால்வாய்கள் பருவத்தின் நடுவிலேயே மூடப்பட்டன. மூடாத இடங்களிலும் இரண்டு மூன்று படகு சேரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். உச்சியைத் தாண்ட வேண்டிய வழிகளை ஜூலைக்கு முன்பே முடித்துவிட்டு, ஆகஸ்டில் ஆறுகளுக்கு இறங்கிவிடுவது நல்லது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

கால்வாய்களில் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 6 கி.மீ., சிலவற்றில் 8. கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறைக்க வேண்டும். என் கணக்கு இது: கிலோமீட்டரை 6-ஆல் வகுத்து, லாக் ஒன்றுக்குக் கால் மணி நேரம் கூட்டுங்கள்.

பர்கண்டிக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். மிஜேனிலிருந்து சேன்-ஜான்-த-லோன் வரை 242 கி.மீ., 189 லாக். ஓடுவதற்கு 40 மணி நேரம், லாக்குகளில் 47 மணி நேரம். ஆக மொத்தம் 87 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் பதினெட்டு நாள். ஓடும் நேரத்தைவிட ஏறி இறங்கும் நேரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். உச்சியில் பூயி-ஆன்-ஓக்சுவா ஊருக்கு அடியில் 3.3 கி.மீ. சுரங்கம் வேறு உண்டு. அதில் நுழைய விளக்கும் உயிர்காப்பு உடையும் வேண்டும். அழகான கால்வாய், இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணி நேரம் என்பது உச்சவரம்பு. மனைவியோ மகனோ நண்பரோ, கயிறு பிடிக்கிறவர் முகத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வெப்ப அலை நாட்களில் காலையில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு மர நிழலில் நின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பர்கண்டி, நிவெர்னே போன்ற கால்வாய்களில் லாக்கை இயக்கும் காவலர்கள் மொபெட்டிலோ வண்டியிலோ உங்களோடு லாக்கிலிருந்து லாக்குக்கு வருவார்கள். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று முதல் நாள் மாலையே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரத்தை மாற்றினால் அவருக்கும் பின்னால் வரும் படகுக்கும் அது இடைஞ்சல். எதைக் கேட்பதற்கு முன்னும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

லாக்கில் ஏறுவது

எல்லாப் படிகளிலும் நிதானமாகப் படிக்க வேண்டியது இதுதான்.

தானியங்கி லாக்குக்குச் சில நூறு மீட்டர் முன்னால் அதை எழுப்ப வேண்டும். சில இடங்களில் தண்ணீருக்கு மேலே கம்பியில் ஒரு கழி தொங்கும். மெதுவாகப் போய் அதைப் பிடித்துத் திருக வேண்டும். சில இடங்களில் முதல் லாக்கில் ஒரு ரிமோட் கொடுப்பார்கள். கடைசி லாக்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னும் சில இடங்களில் ரேடார் உங்களைத் தானே கண்டுகொள்ளும். எதுவானாலும், கேட்டுவிட்டது என்பதற்கு ஒரு விளக்கு மின்னும். மின்னவில்லையா, நிறுத்தி மறுபடி முயலுங்கள்.

விளக்குகள்: சிவப்பு என்றால் நில். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் உங்களுக்காகத் தயாராகிறது, காத்திரு. பச்சை மட்டும் எரிந்தால் நுழை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு என்றால் அது வேலை செய்யவில்லை. கதவு திறந்திருக்கிறதே என்று சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியும்போதே உள்ளே போவதுதான் புதியவர் எல்லோரும் செய்வது. கதவு முழுதாக மடங்கிய பிறகுதான் பச்சை வரும்.

கீழிருந்து ஏறும்போது உங்கள் தலைக்கு மேல் இரண்டரை மீட்டர் பாசி படிந்த சுவர். ஆகவே லாக்குக்கு முன்னால் உள்ள படித்துறையில் ஒருவரை இறக்கிவிட்டு, மேலே நடந்து போகச் சொல்லுங்கள். அவர் மேலிருந்து கயிற்றை வாங்கி, கரையில் உள்ள இரும்புக் குமிழைச் சுற்றிவிட்டு, நுனியைப் படகுக்கே திருப்பித் தர வேண்டும். குமிழில் முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு நுனியும் படகில் இருப்பவர் கையில். படகில் கயிறு கட்டும் கட்டையில் ஒரே ஒரு சுற்று. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது விரலுக்கு ஆபத்து. முன்கயிறு ஒருவரிடம், பின்கயிறு ஒருவரிடம். இருவர் மட்டுமே என்றால் முன்கயிற்றை முதலில் பாருங்கள்.

எல்லோரும் தயார் என்று வாயால் சொன்ன பிறகுதான் சுவரில் உள்ள நீலக் கம்பியை மேலே தூக்க வேண்டும். பின்கதவு மூடும். முன்கதவின் அடியிலிருந்து தண்ணீர் பாயத் தொடங்கும். முதல் நிமிடம்தான் கடுமை: படகு பின்னால் தள்ளப்படும், பிறகு முன்னால் இழுக்கப்படும். முன்கதவை ஒட்டி நிற்காமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். படகு உயர உயரத் தளரும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருங்கள். பாதி நிரம்பியதும் கொதிப்பு அடங்கிவிடும், பேசலாம், சிரிக்கலாம்.

நீலக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புக் கம்பி இருக்கும். யாராவது தண்ணீரில் விழுந்தால், கயிறு சிக்கிப் படகு சாய்ந்தால், உடனே அதை இழுங்கள்; எல்லாம் நின்றுவிடும். மறுபடி இயக்க வி.என்.எஃப். ஆள் வர வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதற்காகத் தயங்காதீர்கள், திட்ட மாட்டார்கள்.

இறங்குவது

இறங்குவது பார்க்கச் சுலபம். கரையும் படகும் ஒரே மட்டம், கயிறு போடக் குனிந்தால் போதும். அந்தச் சுலபம்தான் ஆளை ஏமாற்றுகிறது. தண்ணீர் இறங்கும்போது கயிறு இறுகி முடிச்சாகிவிட்டால், பல டன் படகு கயிற்றில் தொங்கும். ஆகவே கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் ஒரு கூர்க்கத்தி இருக்க வேண்டும். இரண்டாவது, மேல்கதவுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கல் மேடை மறைந்திருக்கிறது. படகின் பின்பக்கம் அதன்மேல் இருந்தால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் மேடையில் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் கீழே போகும். அதிலிருந்து நன்றாகத் தள்ளி, முன்னால் நில்லுங்கள். பல லாக்குகளில் கரையில் கோடு போட்டிருப்பார்கள்.

இரண்டு பக்கமும் ஃபெண்டர், அதாவது படகு சுவரில் இடிக்காமல் காக்கும் மெத்தை, தொங்கவிடுங்கள். மிதக்கிறவையாக இருக்கட்டும், கார் டயர் அறுந்து மூழ்கினால் கதவில் சிக்கிக்கொள்ளும், அதனால் அதற்கு அனுமதி இல்லை. சுவரையோ பக்கத்துப் படகையோ காலால் தள்ள வேண்டாம். துப்பட்டா, தழையும் வேட்டி, தொங்கும் ஹெட்ஃபோன் ஒயர் எதுவும் லாக்கில் வேண்டாம். நம்மில் நீச்சல் தெரியாதவர்கள் அதிகம். அவர்களும் குழந்தைகளும் லாக்குக்குள் உயிர்காப்பு உடையைக் கழற்றவே கூடாது. யாராவது விழுந்தால் ஓட்டுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. தண்ணீரைவிடப் புரொப்பல்லர்தான் ஆபத்து.

இரவு தங்குவது

ஊர்களில் 'ஆல்த் நோத்திக்' என்ற சின்னப் படித்துறைகள் இருக்கும். சில இலவசம், சிலவற்றில் மாலையில் ஒருவர் வந்து காசு வாங்கிக்கொண்டு போவார். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் டோக்கன் போட வேண்டிய இடங்களும் உண்டு. டோக்கன் விற்பது எதிரே உள்ள கஃபேயாகவோ சுற்றுலா அலுவலகமாகவோ இருக்கும். அது மூடுவதற்குள் போய்விடுங்கள்.

தடையில்லாத இடத்தில் வெறும் கரையிலும் நிற்கலாம். கன்றுக்குட்டி கட்டுவதுபோல இரும்பு முளை இரண்டை மண்ணில் சாய்வாக அடித்துக் கட்ட வேண்டும். கரையோரம் சைக்கிள்காரர்கள் போகும் பாதை. கயிறு பாதைக்குக் குறுக்கே போகக் கூடாது. முளையின் தலையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் இருட்டில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். மரத்தில் கட்டாதீர்கள். மிதியில் அது கண்டிப்பாகத் தடை. லாக்குக்கு மிக அருகிலும் நிற்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மட்டம் ஆடும்.

தண்ணீர், மின்சாரம், சமையல்

குழாய் கண்ட இடத்தில் தொட்டியை நிரப்புங்கள், பாதி இருக்கிறதே என்று விடாதீர்கள். குழாய்களின் வாய் அளவு ஊருக்கு ஊர் மாறும். இரண்டு மூன்று அளவு இணைப்பான்களும் 25 மீ. ஹோஸும் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் பங்க் கால்வாயோரம் அரிது. ஆற்றுத் துறைமுகங்களில் நிரப்புங்கள், அல்லது கேனை எடுத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட் பங்குக்குப் போங்கள். ஒரு மடக்கு சைக்கிள் இதற்கும் காலை ரொட்டிக்கும் உதவும். சின்ன ஊர்களில் மதியம் கடை மூடும், ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் வரை பல கடைகள் திறக்கவே மாட்டா. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

படித்துறை மின்சாரம் பல இடங்களில் 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். 2,000 வாட் கெட்டிலைச் செருகினால் உடனே ட்ரிப் ஆகும், சில சமயம் பக்கத்துப் படகுக்கும் சேர்த்து. ஆகவே மிக்ஸி, இண்டக்ஷன் இரண்டையும் நம்பிச் சமையலைத் திட்டமிட வேண்டாம். கேஸ் அடுப்பில் சின்னக் குக்கர் போதும். பொடி வகைகள், புளி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் லா ஷபெலில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கிராமத்து சந்தையில் கத்தரிக்காயும் தக்காளியும் பச்சை பீன்ஸும் தாராளமாகக் கிடைக்கும். படகில் எண்ணெய் காயவைத்துப் பொரிப்பது மட்டும் வேண்டாம். பெரிய படகு ஒன்று கடந்து போனாலே வாணலி ஆடும். கேஸ் குழாயில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், பார்த்து மாற்றுங்கள்.

சொந்தப் படகைக் கிளப்புவதற்கு முன்

குளிர்காலம் முழுக்க நின்ற படகில் ஏறியதும் எஞ்சினை முடுக்காதீர்கள். முதலில் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து, உறைபனியில் எங்காவது வெடித்திருக்கிறதா என்று அடித்தட்டில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பிறகு பேட்டரி, எஞ்சின் ஆயில், பெல்ட், குளிர்நீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர், புரொப்பல்லர் தண்டு உள்ளே வரும் இடத்தின் கிரீஸ், தீயணைப்பான் தேதி. எஞ்சின் ஓடியதும் பின்னால் எட்டிப் பாருங்கள்: புகைக் குழாயிலிருந்து குளிர்நீரும் வெளியேறும் வகைப் படகானால், தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப வேண்டும். வரவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு தினமும் பார்க்க வேண்டியது குளிர்நீர் வடிகட்டி. சில ஆண்டுகளாகப் பல கால்வாய்களில் நீர்க்களை மண்டிக் கிடக்கிறது. எஞ்சின் சூடு ஏறினாலோ, வேகம் காரணமில்லாமல் குறைந்தாலோ களைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். நியூட்ரலுக்கு வந்து, சில நொடி பின்னோக்கிச் சுழற்றினால் புரொப்பல்லரில் சுற்றியது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு

வலப்பக்கம் ஒட்டியே ஓட்ட வேண்டும் என்பது எங்கும் பொது விதி. சேன், ரோன், ரைன் போன்ற ஆறுகளில் எதிரே வரும் சரக்குப் படகு நீலப் பலகையைக் காட்டி, நடுவில் வெள்ளை விளக்கை மின்னவைத்தால், வழக்கத்துக்கு மாறாக உங்களை அதன் வலப்பக்கமாகக் கடக்கப் போகிறது என்று பொருள். அவர்கள் பிழைப்புக்கு ஓட்டுகிறவர்கள். அவர்களை முந்த விட்டுவிடுங்கள், லாக்கிலும் அவர்களே முதலில். வி.எச்.எஃப். ரேடியோ இங்கே தேவை. ரோனில் பொலேன் லாக் மட்டுமே 20 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. சுவரில் குமிழ்கள் தண்ணீரோடு மிதந்து இறங்குவதால், உண்மையில் சின்னக் கால்வாய் லாக்கைவிட அங்கே வேலை குறைவு. பயப்பட வேண்டியது ஆற்று வெள்ளம். மழைக்குப் பின் நீர் பழுப்பாகிக் கிளைகள் மிதந்து வந்தால், துறைமுகத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருங்கள்.

பருவம் முடியும் இடம்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை. நவம்பரில் படகு எந்த ஊரில் நிற்கும் என்று ஆகஸ்டுக்குள் முடிவு செய்து, குளிர்கால இடத்துக்கு எழுதிக் கேளுங்கள். சோன் கரையில் சேன்-ஜான்-த-லோன் வசதியான ஊர். பல வழிகள் சேரும் இடம், பழுது பார்க்கும் பட்டறைகளும் உண்டு. அதனாலேயே இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த ஊருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள லாக்குகளின் ஷோமாஜ் பட்டியலைப் பாருங்கள். பத்து நாள் கையிருப்பு வைத்துக்கொண்டு திரும்பக் கிளம்புங்கள். முதல் உறைபனிக்கு முன் தண்ணீர்த் தொட்டி, ஹீட்டர், குழாய், கழிப்பறை பம்ப் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்தபடியே விட்டுவிட்டு, சாவியின் ஒரு பிரதியைத் துறைமுகக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.